பகுதி சபைக்குப் போய் என்ன கேட்பது?

கேள்வி: 26 அக்டோபர் 2022

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மார்ச்சில் பதவிக்கு வந்த மன்றம், எட்டு மாதம் கழித்து "உங்கள் பகுதிக்கு எது முதலில் வேண்டும்" என்று கேட்க வருகிறது. என்னைக் கேட்டால் சுத்தக் கண்துடைப்பு. எது முதலில் என்பது டெண்டர் விடும்போதே முடிவாகிவிடும். போய் உட்கார்ந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வருவதில் என்ன பயன்?

27 அக்டோபர் 2022

தீர்ப்பை எழுதிவிட்டு அப்புறம் சாட்சி கேட்கிறீர்கள். பரவாயில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடித்துக் கொடுப்பதும் நான்தான். 'உயர்திரு ஆணையர் அவர்களுக்கு' என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடிப்பேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். 2021-ல் மாநகராட்சியான ஆறு ஊர்களில் ஒன்று: தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி. எதுவென்று உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர் வீடு எனக்கு அடுத்த தெரு, அதனால் இந்த ஜாக்கிரதை.

எட்டு மாதத் தாமதம் என்கிறீர்கள். அதற்கு முந்தைய தாமதத்தைப் பாருங்கள். 2011-ல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் அரசு போட்ட தனி அலுவலர்தான் எல்லாம். என் கடைக்கு மனு எழுத வருகிறவர்களிடம் வார்டு எண் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பழைய எண்ணைச் சொல்வார்கள்.

ஊராட்சிக்காரர்களுக்கு 1994 சட்டத்திலிருந்து கிராம சபை இருக்கிறது. தீர்மானம் போடலாம், கணக்கு கேட்கலாம். நகரத்துக்காரனுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் மாநிலத்தில் வார்டுதோறும் குழு, அதற்குக் கீழே பகுதி சபை என்று விதி வந்தது 2022 ஜூனில். ஆக, உங்கள் வார்டு நோட்டீஸுக்கு வயது கிட்டத்தட்ட முப்பது. போய்த்தான் பாருங்களேன்.

27 அக்டோபர், இரவு

பகுதி சபை உறுப்பினர் தேர்தல் எப்போது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேர்தல் கிடையாது, நியமனம். பகுதிக்கு ஒரு ஆளை மன்றம் நியமிக்கும், வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். எங்கள் வார்டில் பெயர் போட்டாகிவிட்டது. ஒருவர் வட்டச் செயலாளரின் தம்பி. இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், காது கொஞ்சம் மந்தம். மக்கள் குரலைக் கேட்க அனுப்பிய ஆளுக்கே காது கேட்காது என்று கடையில் ஒரே சிரிப்பு. அவரிடமே சொன்னேன், அவரும் சிரித்தார். கேட்டதா என்று தெரியாது.

30 அக்டோபர் 2022

"புது மன்றத்துக்கு முன்னுரிமை என்று ஒன்று இருந்தால்தானே அதில் மக்கள் பங்கு" என்று கீழே ஒருவர். இருந்தது சார். வந்த சூட்டோடு முதல் முன்னுரிமை சொத்து வரி.

மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், 4-ல் மேயர்கள். மாதம் முடிவதற்குள் வரிச் சீராய்வு உத்தரவு வந்துவிட்டது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், 1,800-ஐத் தாண்டினால் எங்கள் மாதிரி மாநகராட்சிகளில் 100, பழைய சென்னை எல்லைக்குள் 150 வரை. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைத் திருத்தியாக வேண்டும் என்பது சொன்ன காரணம். அது பொய்யில்லை. ஆனால் ஐந்து வருஷம் ஆளில்லாத ஊருக்கு ஆள் வந்ததும் முதல் வேலையாக மன்றம் கூடித் தீர்மானம் போட்டது இதற்குத்தான். ஆட்சேபணை மனு அடித்து அடித்து எனக்கு ஏப்ரல் மாதம் நல்ல வியாபாரம்.

ஆத்திரத்தோடு சொன்னாலும் இதில் ஒரு பிடி இருக்கிறது. வரி கூடியிருக்கிறது என்றால் காசும் கூடும். "கூடின காசை எதற்குச் செலவழிக்கப் போகிறீர்கள்?" நான் போனால் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்.

1 நவம்பர் 2022, இரவு

போனேன். கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மழை விட்டபாடில்லை. சென்னைப் பக்கம் இன்னும் மோசம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மழையிலும் முதலமைச்சர் பம்மலில், தாம்பரம் மாநகராட்சியின் 6-வது வார்டு சபைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். இங்கே எங்களுக்கு நகராட்சி நடுநிலைப் பள்ளி. (மாநகராட்சி ஆகி வருஷமாகிறது, பள்ளிக்கூடப் போர்டு இன்னும் நகராட்சியில்தான் இருக்கிறது.) கீழே விரித்த பிளெக்ஸ் பேனரில் போன தேர்தல் வேட்பாளரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பின.

கவுன்சிலரம்மா வந்தார். மைக்கைப் பிடித்தவர் அவர் வீட்டுக்காரர். முதல் வரிசையிலிருந்த பாட்டி ஒருத்தி, "தம்பி, நான் ஓட்டுப் போட்டது அந்தப் பொண்ணுக்கு, அதுகிட்ட மைக்கைக் குடு" என்றாள். ஹாலே சிரித்துவிட்டது. மைக் கை மாறியது. அப்புறம் அந்தம்மா நன்றாகவே பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு குறைகள். வரிசையாக எழுந்து பேசினார்கள்: என் வீட்டு வாசலில் தெருவிளக்கு எரியவில்லை, என் பக்கத்துக் காலி மனையில் தண்ணீர் நிற்கிறது, எங்கள் சந்துக்குக் குப்பை வண்டி வருவதில்லை, நாய்த் தொல்லை, பேவர் பிளாக் வேண்டும். ஒவ்வொருவரும் பேசி முடித்துக் கையிலிருந்த மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கிளார்க் வாங்கி வாங்கி ரப்பர் பேண்ட் போட்டார். அதில் நான் அடித்துக் கொடுத்ததை எழுத்துருவை வைத்தே அடையாளம் சொல்வேன். மனு கொடுத்தவர்கள் கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார்கள். அடுத்தவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுக்க யாரும் உட்காரவில்லை. என் முறை வந்தபோது பாதி ஹால் காலி. கூடின வரிக்காசு பற்றிக் கேட்க எழுந்தவன், பேச்சு போன போக்கில் "எங்கள் தெரு வடிகால்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

டீ உண்டு. பிஸ்கட் இல்லை.

2 நவம்பர் 2022

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். கவுன்சிலர் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்த இடம்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. முக்கியமானது அது இல்லை.

"எது முதலில்" என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை. "உங்களுக்கு என்ன குறை" என்றுதான் கேட்டார்கள். இரண்டும் ஒன்று மாதிரித் தோன்றும். குறையைக் கேட்டால் ஆளுக்கொரு குறை வரும், அது மனு. அதை வாங்குவதற்குத் திங்கட்கிழமை குறைதீர் நாள் ஏற்கெனவே இருக்கிறது. எது முதலில் என்று கேட்க வேண்டுமானால் எவ்வளவு பணம் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். பணத்தைச் சொல்லாதவரை என் விளக்கும் வேண்டும், உன் சாலையும் வேண்டும், எல்லாம் முதலில்தான். பணத்தைச் சொன்னால்தான் நானும் நீயும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவோம்.

யார் வரவில்லை என்பதும் உறுத்துகிறது. காலை பதினோரு மணி. மார்க்கெட்டில் பூ கட்டுகிறவர்கள், இட்லிக்கடை அக்கா, கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஒருவரும் இல்லை. நாற்காலி எடுத்துப் போட்ட தூய்மைப் பணியாளர்கள் கூட்டம் முடியும் வரை கதவோரம் நின்றிருந்தார்கள். வார்டில் எந்தச் சாக்கடை எந்த இடத்தில் அடைக்கும் என்று உதவிப் பொறியாளரை (ஏ.இ.) விட அவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

5 நவம்பர் 2022

பணத்தைச் சொல்லிக் கேட்ட ஊர் எங்காவது உண்டா என்கிறார் கேள்வி கேட்டவர். உண்டு. கொஞ்சம் தூரம்.

பிரேசிலின் தெற்கில் போர்ட்டோ அலெக்ரி. 1988 கடைசியில் தொழிலாளர் கட்சி ஜெயித்து, 1989-ல் ஒலிவியோ துத்ரா மேயரானார். நகரத்தை 16 வட்டாரமாகப் பிரித்து, பட்ஜெட்டில் புதிய வேலைகளை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். எல்லோரும் அந்த நகரத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பிடித்தது அதன் முதல் இரண்டு வருஷம்: படுதோல்வி. கஜானாவில் வந்ததெல்லாம் ஊழியர் சம்பளத்துக்கே சரியாகப் போனது. மக்கள் வந்து பட்டியல் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் நகரம் முழுக்கச் சேர்ந்தே ஆயிரம் பேர் தேறவில்லை. நம்மூராக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள்.

அவர்கள் வரியைத் திருத்தினார்கள். ஆமாம், அங்கேயும் அதே சொத்து வரி. 1988 அரசியல் சட்டப்படி மத்தியிலிருந்து வரும் பங்கும் கூடியது. கையில் காசு வந்ததும் சொன்ன வேலை நடந்தது. நடந்ததைப் பார்த்துக் கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்தது. 1989-ல் பாதி வீடுகளுக்குக்கூடக் கழிவுநீர் இணைப்பு இல்லை, 1996-ல் 85 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். கை தூக்கின கணக்கை வைத்து மட்டும் பணத்தைப் பங்கு போடவில்லை. எந்த வட்டாரத்தில் வசதி குறைச்சலோ அதற்குக் கூடுதல் புள்ளி, மக்கள்தொகைக்குப் புள்ளி, அந்த வட்டாரமே எதை முதலில் வைத்தது என்பதற்குப் புள்ளி. அதனால் கூட்டத்துக்கு வரத் தெரிந்த தெருவே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக முடியவில்லை.

அந்தக் கட்சி 2004-ல் தோற்றது, பிறகு ஏற்பாடு தேய்ந்தது, 2017-ல் நிறுத்தியே வைத்தார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

6 நவம்பர் 2022

"பிரேசில் எதற்கு, பக்கத்தில் கேரளா இருக்கிறதே." இருக்கிறது. 1996-ல் மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு. பணம் முதலில், பேச்சு அப்புறம். ஆனால் அது சோபித்தது கிராமங்களில்தான். நகரத்து வார்டு சபை அங்கேயும் சோகைதான். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரரே யாரென்று தெரியாதபோது சேர்ந்து என்ன தீர்மானிப்பது.

புனேயில் 2006 முதல் வேறு வழி: பட்ஜெட் போடும் முன் வார்டு அலுவலகத்தில் படிவம் தருகிறார்கள், சின்ன வேலைகளைக் குடிமக்கள் எழுதிக் கொடுக்கலாம், வேலைக்கும் வார்டுக்கும் செலவு வரம்பு உண்டு. படிவம் என்றதும் எனக்குச் சந்தோஷம், ஜெராக்ஸ் ஓடும். யோசித்தால் அதுவும் தனித்தனி ஆள் எழுதுகிற தாள்தான். ஆனால் வரம்பு போட்டிருப்பதால் எழுதுகிறவர் கொஞ்சம் நிதானிப்பார்.

13 நவம்பர் 2022

'நமக்கு நாமே' பற்றி ஒரு தம்பி சிங்கப்பூரிலிருந்து நீளமாக எழுதியிருக்கிறார். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும், இதைவிட மக்கள் பங்கேற்பு உண்டா என்கிறார்.

நல்ல திட்டம்தான், எங்கள் பூங்கா அப்படித்தான் எழுந்தது. ஆனால் எந்தப் பூங்கா? குடியிருப்போர் நலச் சங்கம் உள்ள நகரில், வீட்டுக்கு ஐயாயிரம் போட முடிந்தவர்களின் பூங்கா. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் லைனில் வீட்டுக்கு ஐந்நூறு தேறாது. அவர்களுக்குக் குழாய் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கொடுக்க முடிந்தவன் முன்னுரிமையே ஊர் முன்னுரிமையாகிவிடுகிறது. போர்ட்டோ அலெக்ரியில் இல்லாதவனுக்குக் கூடுதல் புள்ளி, இங்கே இருக்கிறவனுக்குக் கூடுதல் புள்ளி. தம்பி கோபப்பட வேண்டாம், பூங்காவில் நானும்தான் நடக்கிறேன்.

இதோடு ஒட்டி இன்னொன்று. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியில் சேர்க்கப் போவதாகப் பேச்சு. அங்கிருந்து எதிர்ப்பு மனு அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது நூறு நாள் வேலை போய்விடும் என்பதை. இரண்டாவது வரி கூடும். ஒரு பெரியவர் மட்டும், "கிராம சபையும் போயிடும், அதை எழுதுங்க" என்றார். எழுதினேன். அவர் ஊரில் ஏரி மண் விவகாரத்தைத் தீர்மானம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு ஈடாக மாநகராட்சி தரப்போவது ரப்பர் பேண்ட் போட்ட கட்டு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

10 டிசம்பர் 2022

இன்று மனித உரிமை நாள், பகுதி சபை கூட வேண்டிய நாட்களில் ஒன்று. மற்றவை குடியரசு தினம், அம்பேத்கர் பிறந்த நாள், அண்ணா பிறந்த நாள். நேற்று ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. எங்கள் வார்டில் சபை இல்லை. புயலைக் குறை சொல்ல வழியில்லை, நோட்டீஸே ஒட்டவில்லை.

26 ஜனவரி 2023

கொடியேற்றி முடித்ததும் சபை. இந்தத் தடவை கொஞ்சம் தயாராகப் போனோம்.

சென்னையில் இந்த நிதியாண்டு வார்டு மேம்பாட்டு நிதியை 30 லட்சத்திலிருந்து 35 லட்சமாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தோம், நேரான பதில் இல்லை. சரி, 20 லட்சம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் ஒவ்வொரு வேலைக்கும் உத்தேசச் செலவு போட்டுக் கொடுத்தார். அதைப் பெரிய எழுத்தில் ஏ3 தாளில் அடித்து, முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட் வாசலிலும் இட்லிக்கடையிலும் ஒட்டினோம். தொகையைப் பார்த்ததும் ஆட்கள் நின்றார்கள். "ஒரு தெருவுக்குப் பேவர் போட இவ்வளவா?" என்று ஒருத்தர் வாயைப் பிளந்தார்.

சபையில் நடந்தது இது. ஏற்கெனவே சிமென்ட் சாலை உள்ள தெருக்காரர் பேவர் பிளாக் கேட்டு எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரே சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, அதுலயே பாதிக் காசு போயிடும், உக்காருங்க" என்றார். மனு கட்டும் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். பூ கட்டும் அக்காக்களில் மூன்று பேர் வந்திருந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்கு வந்தால் மதியம் வரை ஒதுங்க இடமில்லை என்று ஒருத்தர் சொன்னார். ஹாலில் இருந்த ஆண்கள் யாருக்கும் அது ஒரு விஷயமாக இதுவரை தோன்றியதே இல்லை. கடைசியில் கை தூக்கியதில் வடிகால் முதலில், மார்க்கெட் கழிப்பறை இரண்டாவது, பேவர் நாலாவது. கவுன்சிலரம்மா முதல் மூன்றையும் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார்.

பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 20 லட்சம் நாங்கள் வைத்துக்கொண்ட தொகை. எங்கள் விளையாட்டை அலுவலகம் விளையாடியதா என்பது பட்ஜெட்டில் தெரியும்.

28 ஜனவரி 2023

கேள்வி கேட்டவர் தன் வார்டுக்கும் போய்விட்டு வந்து, "டீயும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். அதைவிட, அவர் ஏ.இ.யிடம் எஸ்டிமேட் கேட்டதற்கு "அதெல்லாம் உங்களுக்கெதுக்கு" என்று பதில் வந்ததாம். ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஊருக்கு ஒருவர் இருப்பார் ஐயா. காலையில் பூங்கா நடைபாதையில் தேடுங்கள், அவர்களுக்கும் பொழுது போக வேண்டும்.

2 ஏப்ரல் 2023

பட்ஜெட் வந்துவிட்டது. எங்கள் வடிகால் ஒரு பெரிய தொகுப்புத் திட்டத்துக்குள் போய்விட்டது, எந்த வருஷம் என்று அதில் இல்லை. கழிப்பறை இருக்கிறது: 'மார்க்கெட் பகுதியில் உள்ள பொதுக் கழிப்பிடத்தைப் புதுப்பித்தல்'. புதிதாகக் கேட்டோம், புதுப்பிக்கிறார்கள். அங்கே பழையது ஒன்று பூட்டிக் கிடப்பது உண்மைதான், வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பேவர் பிளாக் நாங்கள் நாலாவதாக வைத்தது, இரண்டு தெருவுக்கு வந்திருக்கிறது. எந்தத் தெரு என்று கேட்காதீர்கள்.

முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பூக்கார அக்காவிடம் காட்டினேன். படித்துப் பார்த்து, "பூட்டை எப்போ திறப்பாங்க?" என்றார். அதற்கு அலுவலகத்தில் யாரிடமும் தேதி இல்லை.

அடுத்த சபை ஏப்ரல் 14. பட்டியலில் இந்தத் தடவை புது வேலை எதுவும் சேர்க்கவில்லை, பழைய மூன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் தாள் அடிக்கிறேன். நேரம் மறுபடியும் பதினோரு மணி என்றார்கள். சாயங்காலம் வைக்கச் சொல்லிக் கேட்கப் போனால், எழுத்தில் கொடுங்கள் என்கிறார் கிளார்க். அடித்துக்கொண்டிருக்கிறேன்.